ரேம் 'சீரற்ற' நினைவகம் அல்ல

மடிக்கணினியில் நாமே ரேம் (ரேண்டம் ஆக்செஸ் மெமரி, கணினி அப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்கான தரவை வைத்திருக்கும் இடம்) கூட்டுவது எப்படி என்று தமிழில் தேடினால் 'சீரற்ற அணுகல் நினைவகத்தை மேம்படுத்துங்கள்' என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இது தவறான மொழிபெயர்ப்பு.

நினைவு + அகம், நினைவகம். நூலகம், செயலகம் மாதிரி நல்ல சொல். சிக்கல் அதற்கு முன்னால் ஒட்டிய 'சீரற்ற' என்பதில்தான். ரேமின் முதல் எழுத்துக்குரிய ரேண்டம், வேகமாகப் பாய்வதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, ஒழுங்கில்லாதது என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது. மொழிபெயர்த்தவர்கள் அந்தப் பொருளையே பிடித்துக்கொண்டார்கள். கணினிக்காரர்கள் சொல்ல வந்தது வேறு. காந்த நாடாவில் நடுவிலுள்ள தரவு வேண்டுமென்றால் அதுவரை நாடாவை ஓட்டியாக வேண்டும். ரேமில் எந்த முகவரியைக் கேட்டாலும், அது முதலில் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். இதில் சீர் எங்கே கெட்டது? சீரற்ற இதயத்துடிப்பு என்றால் மருத்துவரிடம் ஓடுகிறோம். தமிழில் 'சீரற்ற' வந்தாலே ஏதோ கோளாறு என்றுதான் பொருள், அப்புறம் சீரற்ற நினைவகம் என்றால் பழுதான நினைவகம் என்றுதானே படிப்பவர் எடுத்துக்கொள்வார்?

'தற்போக்கு அணுகல்' இதற்குத் தேவலாம், ஆனால் தன் போக்கில் போவது எது என்று புரியாது. 'தற்காலிக நினைவகம்' எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மின்சாரம் போனால் அழிந்துவிடும் என்ற வேறொரு குணத்தைச் சொல்கிறது. பழைய கணினிகளில் இருந்த காந்த உள்ளக நினைவகம் (மேக்னெட்டிக் கோர் மெமரி) எந்த முகவரியையும் நேராக எட்டும், மின்சாரம் போனாலும் அழியாது. இரண்டு குணத்தையும் ஒன்றாக்கக் கூடாது.

என் தேர்வு 'நேரணுகு நினைவகம்'. கோப்புகளைச் சேமிக்கும் வன்தட்டையும் (ஹார்ட் டிஸ்க்) நேரடி அணுகல் என்பார்களே என்று கேட்கலாம். சரி, அதைச் சேமிப்பகம் என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. உண்மையில் இந்தப் பிரிவைத்தான் நாம் கட்டாயம் காப்பாற்ற வேண்டும். இரண்டையும் நினைவகம் என்றே எழுதுவதால், ரேம் போதாமல் திணறும் கணினியில், சேமிப்பகத்தில் உள்ள படங்களை அழித்துக்கொண்டிருக்கிறார்கள் பலர். பேச்சில் ரேம் என்றே சொல்லுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. தமிழென்ற பெயரில் தவறான பொருள் தருவதுதான் வருத்தம்.

மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்ததைப் படித்துப் பார்க்காமல் வெளியிடுவதால் வரும் வினை இது. 'நினைவகக் குச்சியின் உச்சநிலையைத் துளையுடன் சீரமைக்கவும்' என்றால் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் இருந்த ஸ்டிக், நாட்ச் என்பவைதான் இப்படி ஆகியிருக்கின்றன. அது குச்சியும் இல்லை, அங்கே உச்சமும் இல்லை. ரேம் கார்டின் பொன்னிற விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் வகைகளுக்கும் அந்த வெட்டு வேறு வேறு இடத்தில், அதனால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது. 'மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வெட்டை ஸ்லாட்டில் உள்ள மேட்டுக்கு நேராக வைத்து, கார்டைச் சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று மாட்டும்வரை கீழே அழுத்துங்கள்' என்று எழுத எந்த அகராதியும் வேண்டாம்.