‘பாசி மலர்ச்சி’ வேண்டாம்

சீனாவின் தாய்ஹு ஏரியைப் பற்றிய ஒரு பாடக்குறிப்பைப் போன வாரம் படித்தேன். ‘நச்சுப் பாசி மலர்ச்சியின் காரணமாக நன்னீர்ச் சிப்பிகள் பாதிப்புக்குள்ளாகின்றன’ என்று இருந்தது. இந்தப் ‘பாசி மலர்ச்சி’யை எத்தனையோ இடங்களில் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

ஏரியில் பாசி அளவு மீறிப் பெருகுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஆல்கல் ப்ளூம்’ என்று பெயர். ப்ளூம் என்றால் பூ. உருவகம் பழையதுதான்: ஏரி நீரில் மிதக்கும் ஒரு நுண்ணுயிருக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயரிலேயே ‘ஃப்ளாஸ் அக்குவே’ உண்டு, லத்தீனில் ‘நீரின் பூ’. சீனர்களும் நீர்ப்பூ என்றுதான் சொல்கிறார்கள். சரி, அவர்கள் காதுக்கு அது பொருந்துகிறது. பாசி நம் சொல், ‘பசுமை’யோடு உறவுள்ளது, அதில் குறையில்லை. கோளாறு அடுத்த சொல்லில்.

மலர்ச்சி தமிழில் மகிழ்ச்சியான சொல். முகமலர்ச்சி என்கிறோம், மறுமலர்ச்சி என்கிறோம். அதன் தலையில் ‘நச்சு’ என்று ஒட்டினால் படிக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஏதோ விஷச்செடி பூத்திருக்கிறது என்று நினைக்கும். பாசிக்குப் பூவே கிடையாது.

‘பாசி பூத்தல்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் யோசித்தவர்கள். சுவரில் உப்புப் பூக்கிறது, ஊறுகாயில் பூசணம் பூக்கிறது, நீறு பூத்த நெருப்பு என்கிறோம். மேலே மெல்லிதாக ஒன்று படிவதற்குத் தமிழ் வைத்திருக்கும் வினை இது. பச்சைச் சாயத்தைக் கொட்டியது போல ஏடு கட்டி நிற்கும் ஏரியைப் பார்த்தால் ‘பூத்திருக்கிறது’ என்றுதான் வாயில் வரும். எனக்கும் கொஞ்ச காலம் இது பிடித்திருந்தது. குறுந்தொகையில் ஊருண்கேணிப் பாசி கை பட்டால் விலகும், கையை எடுத்தால் பரக்கும். ‘பரத்தல்’ அதைவிட அழகு. ஆனால் இரண்டுமே நீரின் மேற்பரப்பைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன.

பாடக்குறிப்பு ‘சிப்பி’ என்று சொன்ன மட்டி இருப்பதோ அடிச்சேற்றில். அங்கே புதைந்துகொண்டு, குழல் வழியாக நீரை உள்ளே இழுத்து, செவுளில் சலித்து உண்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி (உண்மையில் பாக்டீரியா, வழக்கில் பாசி என்றே இருக்கட்டும்) கணக்கில்லாமல் பெருகினால் மட்டி இழுக்கும் நீரிலும் அது வந்துவிடுகிறது. அதன் நஞ்சான மைக்ரோசிஸ்டின் மட்டியின் செரிமானச் சுரப்பியில் சேர்கிறது. கொதிக்க வைத்தாலும் அழியாத நஞ்சு அது; மட்டியைச் சமைத்து உண்பவருக்கும் ஆபத்துதான். அப்புறம் பாசி செத்து அடியில் இறங்கி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன் நீந்தித் தப்பலாம். மட்டி தன் இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். நாள் கூடினால் உள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். 2007 மே மாதக் கடைசியில் தாய்ஹு கரையிலுள்ள வூசி நகரில் ஏறக்குறைய 20 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீர் நாறியதற்கும் இப்படி அழுகிய பாசிதான் காரணம்.

ஆக, சொல்லில் வரவேண்டியது எண்ணிக்கை. வயல் உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் சேர்ந்து ஓருயிரை அளவு மீறி வளர்த்துவிடுகின்றன. அதற்குப் ‘பாசிப் பெருக்கு’ என்பதே சரி. ‘பெருக்கம்’ என்றும் சொல்லலாம், ஆனால் அது தொடர்ந்து வளர்ந்துகொண்டே போவது. பெருக்கு வெள்ளத்தைப் போல ஏறி, நாசம் செய்துவிட்டு, வடியும். பாசி செய்வதும் அதுதான். எல்லாப் பாசிப் பெருக்கிலும் நஞ்சு இராது; இருக்கும்போது மட்டும் ‘நச்சுப் பாசிப் பெருக்கு’ என்போம்.

என் மனக்குறை மொழிபெயர்ப்பாளர்கள் மீதுதான். அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து வைத்துவிடுகிறார்கள், ஏரியில் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் நினைப்பதில்லை. கடற்கரையில் யாரைக் கேட்டாலும் ‘மட்டி’ என்று சொல்லியிருப்பார்கள். அதைச் ‘சிப்பி’ ஆக்கினால் படிப்பவர் முத்தைத் தேடுவார். ‘பாதிப்புக்குள்ளாகின்றன’ என்றால் நோயா, சாவா?

அந்த வரியை நான் எழுதினால் இப்படி இருக்கும்: ‘ஏரியில் நச்சுப் பாசி பெருகியது. மட்டிகளின் உடலில் நஞ்சு ஏறியது. பாசி அழுகியபோது அவை மூச்சுமுட்டிச் செத்தன.’