ஆஸ்பத்திரி வோட்டில் உங்கள் அம்மாவுக்கு யார் பொறுப்பு?

கடந்த வாரமும் ஒரு அம்மாவின் சத்திரசிகிச்சை பிந்தியது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் முறிவு. இதயத்துடிப்பு சீரில்லாததால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசையை நெடுநாளாக எடுப்பவர். இந்த முறிவுக்கு இரண்டு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே நல்லது. வார்ஃபரினை நிறுத்தி, அதை முறிக்க விற்றமின் கே கொடுத்து, ஐ.என்.ஆர். (இரத்தம் உறையச் சுணங்குவதைக் காட்டும் அளவு) 1.5இற்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருந்தோம். மூன்றாம் நாளும் 2.6. தேடினால், தலையணைக்கடியில் வீட்டுக் குளிசைப் பெட்டி.

"ஹார்ட் கிளினிக்கிலை ஒருநாளும் விடவேண்டாமெண்டு சொன்னவை, டொக்டர். நேற்றும் அவை வந்து பாத்தவைதானே? அப்ப அம்மா இப்ப அவையின்ரை பொறுப்பெல்லோ?" என்றார் மகள்.

இல்லை. நேற்று வந்த இதய வைத்தியரே வார்ஃபரினை நிறுத்தச் சம்மதித்து ரிக்கெற்றில், அதாவது வோட்டில் நோயாளிக்கென வைத்திருக்கும் பதிவேட்டில், எழுதியிருந்தார்.

வோட்டில் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வைத்திய நிபுணரும் அவரது யூனிற்றும்தான் பொறுப்பு. ரிக்கெற்றில் அது எழுதப்பட்டிருக்கும். முறிவுக்கு அனுமதிக்கப்பட்டவர் எலும்பு முறிவு யூனிற்றின் நோயாளி. இதயத்துக்கு ஒருவர், சீனி வருத்தத்துக்கு ஒருவர், மயக்கமருந்துக்கு ஒருவர் என்று வருவதெல்லாம் அந்த யூனிற் கேட்டு, அபிப்பிராயம் சொல்ல. எல்லோரும் எழுதியதை ஒன்றாக வைத்து, எது முதல், எது பிறகு என்று முடிவெடுப்பது பொறுப்பான யூனிற். நாலு பேர் பார்த்தால் நாலு பேரும் பொறுப்பு என்பது பிழை. கடைசியாகப் பார்த்தவர் பொறுப்பு என்பதும் பிழை. வெளியில் தனியாரில் சனல் பண்ணிக் காட்டிய டொக்டர்தான் பொறுப்பு என்பது எல்லாவற்றிலும் பெரிய பிழை. ரிக்கெற்றைப் பார்க்காமல், நேற்றைய இரத்தப் பரிசோதனை தெரியாமல் அவர் ஃபோனில் என்ன சொல்வது?

பொறுப்பு மாறுவதும் உண்டு. மற்ற யூனிற் ஏற்று, அது ரிக்கெற்றில் பதியப்பட்டால் மாறும். அதுவரை மாறாது. ரெஃபரல் எழுதும் இளம் வைத்தியர்களே, "பார்க்கவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். அபிப்பிராயம் வேண்டுமா, நோயாளியைப் பொறுப்பெடுக்கவேண்டுமா என்று தெளிவாகக் கேளுங்கள்.

உறவினர்களுக்கு: அனுமதித்த அன்றே எந்த யூனிற், எந்த நிபுணர் என்று கேட்டு எழுதி வையுங்கள். கிளினிக் கொப்பியையும் வீட்டுக் குளிசைகளையும் முதல் நாளே தாதி மிஸ்ஸிடம் காட்டுங்கள். நீங்களாக ஒரு குளிசையும் கொடுக்காதீர்கள், ஒரு பாதி கூட. இரண்டு டொக்டர்மார் இரண்டு விதமாகச் சொன்னால் பொறுப்பான யூனிற்றிடம் கேளுங்கள். பயப்படவேண்டாம், கேட்பது உங்கள் உரிமை. வெளிநாட்டிலிருந்து ஆளுக்கொரு டொக்டரைக் கூப்பிடும் பிள்ளைகளே, தயவுசெய்து அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவரைப் பேசவிடுங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது, நிறுத்திய மருந்தை எப்போது தொடங்குவது, எந்தக் கிளினிக்குக்குப் போவது என்று கேட்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு ஆறாம் நாள்தான் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குள் முதுகின் அடியில் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது.