இன்டேக் மேனிஃபோல்டும் காற்றுக்கொப்பும்

போன வாரம் நாமக்கல்லில் நண்பரின் லாரிப் பட்டறையில் ஒரு பராமரிப்புக் கையேடு கைக்குக் கிடைத்தது. தமிழில் அச்சிட்டிருந்தார்கள். ஆசையாகத்தான் பிரித்தேன். ‘காற்று உட்கொள்ளலைத் துடைக்கவும். உட்கொள்ளல் பன்மடியில் கசிவு உள்ளதா எனச் சரிபார்க்கவும்’ என்று இருந்தது. பல வருடமாக டீசல் எஞ்சின் பிரித்து மாட்டும் தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, “ஏனுங்ண்ணா, உட்கொள்ளலைத் தொடைக்கோணும்னு போட்டிருக்குதுங்க. எதைத் தொடைக்கறதுங்க?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான இலக்கணக் கேள்வி. உட்கொள்ளல் ஒரு செயலின் பெயர். செயலைத் துணி வைத்துத் துடைக்க முடியாது.

கையேட்டில் உட்கொள்ளல் என்றது ஆங்கிலத்தில் இன்டேக், பன்மடி என்றது மேனிஃபோல்டு. இன்டேக் என்பது உள்ளே எடுப்பது. ஆற்று நீரை வாய்க்காலுக்கோ குழாய்க்கோ எடுக்கும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். மேனிஃபோல்டு என்பது ‘பல’, ‘மடங்கு’ என்ற இரண்டு பழஞ்சொற்களின் சேர்க்கை. ஒரு குழாய் பலவாகப் பிரியும் உறுப்புக்குப் பிற்பாடு பெயராயிற்று. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

தமிழில் உட்கொள்ளுதல் என்றால் மருந்து, மாத்திரை, உணவு. எஞ்சின் காற்றை அப்படி விழுங்குவதில்லை. ‘உறிஞ்சுகுழல்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் பாதி உண்மைதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. டர்போ இருந்தால் அது காற்றை அமுக்கியே அனுப்புகிறது. டர்போ வண்டிக் கையேட்டில் உறிஞ்சுகுழல் என்று எழுதினால், படிக்கிறவர் எஞ்சினையே தப்பாகப் புரிந்துகொள்வார்.

பன்மடி இன்னும் மோசம். எங்கள் பக்கம் மடி என்றால் மாட்டு மடிதான் முதலில் கண்முன் வரும். படித்தவர்களுக்கோ பன்மடங்கு நினைவுக்கு வரும். காற்றைப் பல மடங்காக்கும் கருவி போல என்று நினைத்துவிடுவார்கள். அந்த உறுப்பு எதையும் பெருக்குவதில்லை, பிரித்துக் கொடுக்கிறது. ஆங்கிலச் சொல்லை உடைத்து, துண்டுக்குத் துண்டு தமிழ் வைத்ததால் வந்த வினை இது. மொழிபெயர்ப்பவர் ஒருமுறை பட்டறைக்கு வந்து அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்திருந்தால் பன்மடி என்று எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

பிரித்துக் கொடுக்கும் வேலைக்குக் கொங்கு நாட்டில் சொல்லுக்குப் பஞ்சமா? கீழ்பவானிப் பாசனத்தில் பெரிய வாய்க்காலிலிருந்து பிரிந்து வயல்களுக்குப் போவதைக் கொப்பு வாய்க்கால் என்கிறோம். கொப்பு என்றால் மரக்கிளை. மேனிஃபோல்டு அச்சு அசலாக அதுதான். நான்கோ ஆறோ சிலிண்டர்களுக்குக் காற்றைக் கிளை கிளையாக அனுப்புகிறது. ஆகவே காற்றுக்கொப்பு. எரிந்த புகை வெளியேறும் பக்கம் இருப்பது புகைக்கொப்பு. காற்று முதலில் நுழையும் இடம் காற்றுவாய். வாய்க்காலில் இருக்கும் அதே வாய்.

‘கொப்பு வட்டாரச் சொல்லாயிற்றே’ என்றார் தமிழாசிரியரான என் மைத்துனர். மதுரை, நெல்லைப் பக்கமும் மரக்கிளையைக் கொப்பு என்கிறார்கள். அப்படியே வட்டாரச் சொல்லாக இருந்தாலும் என்ன? எவர் வாயிலும் இல்லாத பன்மடியைவிட அது மேல்.

இந்தப் பெயரால் உறுப்பின் இயக்கமும் விளங்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். கொப்பு வாய்க்காலைச் சரியாக வெட்டாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. காற்றுக்கொப்பிலும் வளைவும் அகலமும் பிசகினால் சில சிலிண்டர்களுக்குக் காற்று குறையும். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் ஏறத்தாழ 10,000 லிட்டர். காற்று போதாவிட்டால் டீசல் அரைகுறையாக எரிந்து கரும்புகை தள்ளும், இழுவை போகும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறும்போது ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் சூடு. 30 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குச் சூடேறினால், அதே கொள்ளளவில் எடை சுமார் 9 விழுக்காடு குறைகிறது. எஞ்சின் அனலுக்கும் சாலைப் புழுதிக்கும் தப்பத்தான் பல லாரிகளில் காற்றுவாயைக் கேபினுக்குப் பின்னால் உயரத்தில் வைக்கிறார்கள். கிளைக்குழாயின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. டர்போ இல்லாத எஞ்சினில் நீண்டு ஒடுங்கிய குழாய் குறைந்த சுற்றில் இழுவை தரும். குட்டையாக அகன்றது அதிகச் சுற்றில் திறன் தரும்.

பிஸ்டன், டர்போ, ஏர் ஃபில்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும்; பட்டறையில் எல்லோருக்கும் புரிகிறது. மேனிஃபோல்டு என்றே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. தமிழ் என்று சொல்லித் தமிழருக்குப் புரியாததை அச்சிடுவதுதான் பொறுக்கவில்லை.

அன்றைக்குக் கையேட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: ‘காற்றுவாயில் தூசி, சருகு இருந்தால் துடைக்கவும். காற்றுக்கொப்பில் எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்கவும்.’ தம்பி ஒருமுறை படித்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் துணியை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் பின்னால் ஏறினார்.