தொடையிடுக்கு வலியை மறைத்துக்கொண்டு கோல் காக்கும் பிள்ளைகள்

ஐஸ் ஹாக்கி கோல் கீப்பர் ஒருவன் இடுப்பு வலியோடு என்னிடம் வருவது இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது முறை. பையனுக்கு 14 வயது. வீடு தில்லி முனிர்க்காவில், பயிற்சி குருகிராமில் மால் ஒன்றில் இருக்கும் பனித்தரை ரிங்க்கில். நான்கு மாதங்களாக வலது தொடையிடுக்கில் வலி இருந்திருக்கிறது. அம்மா தைலம் தேய்த்துப் பார்த்திருக்கிறார், பயிற்சியாளர் காலை விரிக்கும் ஸ்ட்ரெட்சிங்கை இரட்டிப்பாக்கியிருக்கிறார், வலியும் இரட்டித்திருக்கிறது. “கோல்ல நிக்கிறவன்தானே சார், ஓடவே வேண்டாமே, அவனுக்கு எப்படி இடுப்பு போகும்?” என்று அப்பா கேட்டார். இதே கேள்வியைத் தில்லியில் எத்தனை பெற்றோர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்!

கோல் கீப்பர் நிற்பதில்லை. மற்ற ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடம்கூட முடியுமுன் மாறிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்கிறார்கள். 60 நிமிட ஆட்டம் முழுவதும் பனித்தரையில் இருப்பவர் அவர் ஒருவரே. 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள வலையின் முன்னால், ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள ‘பக்’ என்ற ரப்பர் வட்டைத் தடுக்க, இரண்டு முழங்கால்களையும் உள்பக்கமாகச் சேர்த்து, பாதங்களை வெளிப்பக்கம் விரித்துத் தரையில் விழுகிறார், உடனே எழுகிறார், மறுபடி விழுகிறார். பட்டர்ஃபிளை என்று சொல்லப்படும் இந்த முறையைத் தொடக்கத்தில் கையாண்ட கோல் கீப்பர்களில் கிளென் ஹால் முக்கியமானவர். இன்னொரு கோல் கீப்பரான பாட்ரிக் ருவாவுக்குப் பிறகு அது உலகமெங்கும் பரவிவிட்டது. இடுப்பு மூட்டில் எலும்பு இடிக்கிறதா என்று சோதிக்க, நோயாளியைப் படுக்க வைத்துத் தொடையை மடக்கி உள்பக்கமாகத் திருப்பிப் பார்ப்போம். ஏறக்குறைய அதே நிலையில்தான் இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு பயிற்சியிலும் திரும்பத் திரும்பத் தரையில் விழுகிறார்கள்.

ஆகவே, தயவுசெய்து இதைத் ‘தசைப் பிடிப்பு’ என்று சொல்லாதீர்கள். வளரும் வயதில் இந்தச் சுமை தொடர்ந்து விழும்போது, தொடையெலும்பின் தலையும் கழுத்தும் சேரும் இடம் சிலருக்குப் புடைத்துக்கொள்கிறது. அந்தப் புடைப்பு, காலை மடக்கித் திருப்பும்போதெல்லாம் இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கிறது. நாளடைவில் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு கிழிகிறது. எலும்பு எலும்பில் முட்டுகிற இடத்தில் நீங்கள் எதை இழுத்து நீட்டப் போகிறீர்கள்? காலை இன்னும் திருப்பி அழுத்தினால் மூட்டு இளகாது, கிழிசல்தான் பெரிதாகும். பிள்ளையின் முழங்கால்மேல் ஏறி அழுத்தி ‘விரித்துவிடுகிற’ பழக்கத்தைப் பயிற்சியாளர்கள் இன்றோடு நிறுத்த வேண்டும்.

ஒரு கோல் கீப்பரின் தொழில்வாழ்வு எவ்வளவு காலம் நீளும் என்பதில் இடுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் அணி கோல் கீப்பர் டிம் தாமஸ் 2010-இல், 36 வயதில், இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த பருவத்திலேயே வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றார். அதே அணியில் அவருக்குப் பின் வலை காத்த துக்கா ராஸ்க் 2021-இல் கிழிந்த விளிம்புக்கு அறுவை செய்துகொண்டு, 2022 ஜனவரியில் திரும்பி வந்து நான்கே ஆட்டங்கள் ஆடி, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று 34 வயதில் ஓய்வு பெற்றார். தேர்ந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் உடன் இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், நம் பிள்ளையின் வலியைத் தைலத்திடம் விட்டுவிடுவது நியாயமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உடல் பருமனான பிள்ளையை “ஓட முடியாது, கோலில் நிறுத்து” என்று அனுப்புகிறார்கள். பருமனான வளரிளம் பிள்ளைகளுக்குத் தொடையெலும்பின் தலை வளர்ச்சித்தட்டில் (எலும்பு வளரும் குருத்துப் பகுதியில்) வழுக்கிவிடும் ஆபத்து கூடுதலாக உண்டு. அந்த வலி பல சமயம் முழங்காலில்தான் தெரியும் என்பதால் முழங்காலையே படம் எடுத்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை நொண்டினால், அல்லது காலை ஊன்ற மறுத்தால், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை நடக்க விடாதீர்கள்.

ஷூ மாட்டக் குனியும்போது, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, வெகுநேரம் உட்கார்ந்து எழும்போது தொடையிடுக்கில் வலி என்றால், அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், காட்டுங்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டதும் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் பிறைபோல வளைத்து இடுப்பின் பக்கத்தைப் பற்றிக் காட்டும் பிள்ளையைக் கண்டால், மூட்டுக்குள்ளேயே கோளாறு இருக்கலாம் என்றுதான் எங்களுக்கு முதலில் தோன்றும். எக்ஸ்ரே எடுத்தால் முன்பக்கப் படத்தோடு பக்கவாட்டுப் படமும் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் முன்பக்கப் படம் மட்டும் பார்த்தால் புடைப்பு கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. விழுந்தெழும் பயிற்சியை எண்ணிக் குறைத்து, பிட்டத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் வலுவாக்கி, ஆண்டில் சில மாதங்கள் வேறு விளையாட்டு ஆட விட்டதில் நன்றாகத் தேறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முனிர்க்காப் பையனும் இப்போது அந்த வழியில்தான் இருக்கிறான். அணியில் இடம் போய்விடுமோ என்று பயந்துதான் வலி எவ்வளவு என்று நான்கு மாதமும் முழுதாகச் சொல்லவில்லையாம். ஆகவே வலியைச் சொன்னால் இடம் போகாது என்று உங்கள் பிள்ளையிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.