தெர்மோஸ்டாட்: சூட்டை நிறுத்துறதா, நிலைநிறுத்துறதா?

ஹீட்டரை தேவைக்கு ஏத்த மாதிரி தானா ஓட்டி நிறுத்துற கருவிதான் தெர்மோஸ்டாட், கிரேக்க வேர்லேர்ந்து வந்த சொல்லு. தெர்மோஸ்னா சூடான, ஸ்டாடோஸ்னா அசையாம நிக்கிற, ரெண்டும் சேர்ந்தா சூட்டை ஒரே அளவுல நிக்க வைக்கிறதுன்னு அர்த்தம். ஸ்காட்லாந்து வேதியியல் அறிஞர் ஆண்ட்ரூ யூர் 1830ல இதுக்கு காப்புரிமை வாங்கினாரு, ரெண்டு வேற வேற உலோகப் பட்டைய ஒண்ணா ஒட்டிட்டா சூடு ஏறும்போது ஒண்ணு கூடுதலா நீளும், அதனால பட்டை வளையும், அந்த வளைவுதான் சூட்டை கூட்டி குறைக்கும்.

தமிழ்ல வெப்பநிலைநிறுத்தின்னு சொல்றதுதான் சரின்னு எனக்கு படுது. சுருக்கி வெப்பநிறுத்தின்னு எழுதினா ஏதோ ஹீட்டரை ஆஃப் பண்ற சுவிட்ச் மாதிரி ஆயிடும், நிறுத்துன்னா தமிழ்ல ஓயவைக்கிறதும் உண்டு, நிக்க வைக்கிறதும் உண்டு இல்லையா, இங்க நமக்கு வேண்டியது ரெண்டாவது.

இந்த அர்த்தம் மனசுல இருந்தா ஒரு தப்பு பண்ண மாட்டோம். குளிர்ல நடுங்கிட்டே வீட்டுக்குள்ள வந்து, சீக்கிரம் சூடாகட்டும்னு தெர்மோஸ்டாட்டை 28 டிகிரி செல்சியஸ்ல வைக்கிறோம். சாதாரண ஹீட்டர் 20ல வச்சாலும் 28ல வச்சாலும் ஒரே வேகத்துலதான் எரியும், 20ஐ தொட அதே நேரம்தான் ஆகும், என்ன, அதையும் தாண்டி எரிஞ்சுட்டே இருக்கும், அவ்ளோதான். தெர்மோஸ்டாட் சூட்டை உண்டாக்கற கருவி இல்லைங்க, நிக்க வைக்கிற கருவி.

நேரத்துக்கு நேரம் அளவை தானா மாத்திக்கிற ப்ரோக்ராமபிள் தெர்மோஸ்டாட்டும் உண்டு, அந்த ப்ரோக்ராமபிள்ங்கறதுக்கு நிரல்னு சேர்த்துக்கலாம். நிரல்னா வரிசை, இலக்கணத்துல நிரல்நிறைன்னு படிச்சிருப்பீங்களே, அதே நிரல்தான். நிரல்வழி வெப்பநிலைநிறுத்தி, கொஞ்சம் நீளம்தான், ஆனா வேலைய அப்படியே சொல்லுது: எந்திரிக்கிற நேரம், வெளிய கிளம்புற நேரம், திரும்புற நேரம், தூங்குற நேரம்னு நாலையும் வரிசையா வச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு குடுக்கணும். தூங்கும்போதும் ஆள் இல்லாதப்பவும் நாலஞ்சு டிகிரி குறைச்சா போதும், எந்திரிக்க அரை மணி முன்னாடியே சூடு ஏற ஆரம்பிக்கிற மாதிரி வைங்க. ஹீட் பம்ப், அதாவது வெளியில இருக்கற சூட்டை உள்ள இழுத்து குடுக்கற மெஷின், இருக்கற வீட்டுல மட்டும் ரொம்ப இறக்காதீங்க, திரும்ப ஏத்தும்போது துணை ஹீட்டர் ஓடி கரண்டை இழுத்துடும்.

இவ்ளோ செட் பண்ணியும் சூடு மாறவே இல்லைனா திரையில ஹோல்ட்னு இருக்கான்னு பாருங்க. அது இருக்கற வரைக்கும் ஒரே அளவுலயே நிக்கும், நிரல் ஓடாது, ஹோல்டை எடுத்துவிட்டாதான் ஓடும்.