டீகப் ரே என்று ஓர் இனமே கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை, மீன்களுக்கு மருத்துவம் பார்க்கும் என்னிடம் ஒரு அப்பாவும் மகனும் பெயிண்ட் வாளியில் ஒரு திருக்கையைக் கொண்டுவந்தார்கள். மோட்டோரோ என்ற ஆற்றுத் திருக்கை இனம், பெண். உடம்பின் ஓரம் முழுக்க மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. வெளுப்பாக இருக்க வேண்டிய வயிற்றில் செந்திட்டுகள். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் இடுப்பு துருத்திக்கொண்டு நின்றது. பல வாரப் பட்டினி. அன்று இரவே இறந்துவிட்டது. இந்த மாதத்தில் இது நான்காவது.

நான்கு வீட்டிலும் ஒரே பேச்சு: "இது டீகப் ரே சார், சின்ன இனம். தொட்டி அளவுக்குத்தான் வளரும்னு கடையில சொன்னாங்க."

அது இனத்தின் பெயரே இல்லை, வியாபாரப் பெயர். தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் பொட்டாமோட்ரைகான் திருக்கைகளில் எதனுடைய குட்டியையும் அப்படிச் சொல்லி விற்பார்கள். மோட்டோரோ குட்டி பிறக்கும்போதே ஏறக்குறைய 10 செ.மீ. அகலம் இருக்கும். உள்ளங்கையில் அடங்குகிறதே என்று ஆசைப்பட்டு நீங்கள் வாங்குவது பச்சைக் குழந்தையை. வளர்ந்தால் வாலைச் சேர்க்காமலே 45, 50 செ.மீ. வரும். பொட்டாமோட்ரைகான்களிலேயே மிகச் சிறியது என்று 2016-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட ரியோ நீக்ரோ ஆற்றுத் திருக்கைகூட சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளரும்.

சரி, தொட்டி அளவுக்கு வளரும் என்கிறார்களே, அதற்கு வருவோம். ஒன்றரை அடி அகலத் தொட்டி என்றால் 45 செ.மீ. அதில் 45 செ.மீ. மீன் எப்படித் திரும்பும்? டேப்பை வைத்து அளந்து பாருங்கள். சின்னத் தொட்டியில் சில மீன்கள் வளராமல் நிற்பது உண்மைதான். ஆனால் அது இடத்தைப் பார்த்துத் தன்னைக் குறுக்கிக்கொள்வதில்லை. தண்ணீர் கெடுகிறது, இரை எடுப்பது குறைகிறது, உடம்பு நொடிந்து நிற்கிறது. சோறு போதாமல் குட்டையாகிப்போன பிள்ளையைப் பார்த்து, வீட்டுக்குத் தகுந்த உயரம் வளர்ந்திருக்கிறான் என்று யாராவது சொல்வோமா?

திருக்கைக்குத் தேவை தரை, உயரம் அல்ல. வளர்ந்த ஒரு மோட்டோரோவுக்கே 7 அடி நீளம், 3 அடி அகலமாவது வேண்டும் என்பது என் கணக்கு. அடியில் நுண்மணல், கூரான கல் கூடாது. டேங்க் சைக்கிள் ஆகி, அதாவது கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா தொட்டியில் பெருகி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை மீனை விடாதீர்கள். குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்காமல் ஊற்றாதீர்கள். சென்னை வெயிலில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. போட்டே ஆக வேண்டும் என்றால் கூண்டு மாட்டுங்கள். கூண்டில்லாத ஹீட்டர்மேல் திருக்கை போய்ப் படுத்துக்கொள்ளும், சூடு உறைப்பதற்குள் தோல் வெந்துவிடும். நான் சொன்ன நான்கில் இரண்டின் வயிற்றில் அந்தத் தழும்பு இருந்தது. அப்புறம், மற்ற மீன்களுக்கு வாங்கி வைத்த தாமிர மருந்தையும் மாலகைட் கிரீனையும் தயவுசெய்து இதற்கு ஊற்றாதீர்கள். மற்ற மீன்களைப் போலச் செதில் மூடிய உடம்பு இல்லை, தாங்காது.

வாலில் உள்ள விஷ முள்ளைக் கட்டிங் பிளையரால் வெட்டிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். வெட்டிய இடம் புண்ணாகும், முள் திரும்ப முளைக்கும். குத்திவிட்டால் ஐஸ் வைக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரியைத் தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வையுங்கள். சூட்டை மற்ற கையால் பார்த்துக்கொள்ளுங்கள்; குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும்.

இப்போது நிறைய பேர் குட்டி எடுத்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆண், பெண்ணின் உடல் ஓரத்தைக் கடித்துப் பிடித்துத்தான் சேரும். பெண்ணின் உடம்பெல்லாம் கடிக்காயம் என்று தெரிந்தும் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டுவைப்பது கொடுமை. பிரித்து வையுங்கள், தேற விடுங்கள். சினை ஏறக்குறைய மூன்று மாதம். கருப்பைக்குள் தாய் சுரக்கும் பால் போன்ற திரவத்தில்தான் குட்டிகள் வளர்கின்றன. தாய்க்கு மண்புழுவும் இறாலும் குறைவில்லாமல் போட்டால்தான் குட்டி தேறும். பிறந்த குட்டிக்கு வயிற்றில் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், சில நாள் அதிலேயே ஓட்டும். அந்தச் சில நாளுக்குள் விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவர் வீட்டில் அது இரை எடுக்கப் பழகாமலே வாடிப்போகிறது.

வளர்க்க முடியவில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். சிங்கப்பூரின் அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் மோட்டோரோ குட்டி போட்டுப் பெருகியிருக்கிறது. இடம் உள்ள வளர்ப்பாளரிடம் கொடுங்கள். இல்லையென்றால் என்னைப் போன்ற ஒரு மீன் மருத்துவரிடமாவது கேளுங்கள்.

கடைக்குப் போனால், வாங்குவதற்கு முன் உங்கள் கண்ணெதிரே இரை போடச் சொல்லுங்கள். குட்டி மண்புழுவைத் தேடிப் போய்த் தின்கிறதா, வால் அடியில் இடுப்பு துருத்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தின்னாத குட்டியை இரக்கப்பட்டுக்கூட வாங்காதீர்கள்; அந்த இடத்துக்கு நாளை இன்னொரு குட்டி வரும்.