இரும்பு மிஞ்சினால் எங்கே போகும்?

"இரும்புச்சத்து நல்லதுதானே, மாத்திரையைக் கூடுதலாகவே போட்டுக்கொண்டால் என்ன? மிஞ்சியது சிறுநீரில் போய்விடாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சோடியம், பொட்டாசியம் போன்றவற்றைப் பொறுத்தவரை அவர் நினைப்பது பெரும்பாலும் சரி. நலமான சிறுநீரகம் மிகையை வெளியேற்றிவிடும். இரும்பை அப்படி வெளியேற்றும் ஏற்பாடு நம் உடலில் இல்லை.

வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. ஆயுள் முடிந்த சிவப்பணுக்களிலிருந்து நாள்தோறும் 20 மில்லிகிராமுக்கு மேல் மீட்கப்பட்டு மறுபடி பயன்படுகிறது. தோல் செல்களும் குடல் செல்களும் உதிர்வதால் 1 அல்லது 2 மில்லிகிராம் இழப்பாகிறது. உணவிலிருந்து சேர வேண்டியதும் அவ்வளவே. மாதவிடாயில் இழப்பு சற்றுக் கூடும். இழப்பைத் தேவைக்கேற்ப ஏற்றவோ இறக்கவோ உடலால் இயலாது என்பதால், கட்டுப்பாடு முழுவதும் நுழைவாயிலிலேயே நடந்தாக வேண்டும்.

அந்த வாயிற்காவலர்தான் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின். வெறும் 25 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம். உணவில் வந்த இரும்பு முதலில் சிறுகுடலின் உட்சுவர்ச் செல்லுக்குள் நுழைகிறது. அங்கிருந்து இரத்தத்துக்குச் செல்ல ஃபெரோபோர்ட்டின் என்னும் ஒரே வாயில்தான் உண்டு. இருப்பு போதுமானதாக இருக்கும்போது, கல்லீரல் ஹெப்சிடினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது ஃபெரோபோர்ட்டினைப் பற்றிக்கொள்ள, செல் அந்த வாயிலையே உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது. வெளியேற வழியற்ற இரும்பு, ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. குடல் செல்லின் ஆயுளோ சில நாள்கள்தான். அது உதிரும்போது, உடலுக்குள் சேராமலேயே அந்த இரும்பும் மலத்தோடு போய்விடுகிறது. உதிர்ந்தே தீர வேண்டிய ஒரு செல்லைக் கழிவுவழியாகவும் பயன்படுத்திக்கொள்ளும் இந்தச் சிக்கனம் எனக்கு அலுப்பதே இல்லை.

ஹெப்சிடினை முதலில் கண்டவர்கள் தேடியது இரும்பை அல்ல, நுண்ணுயிர்களைக் கொல்லும் புரதங்களை. அது இல்லாத எலிகளின் உடலில் இரும்பு குவிவது 2001இல் தெரியவந்தது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டுவிட்டே ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்தக் காவலையும் மீறி இரும்பு சேர்வதுண்டு. பரம்பரை ஹீமோகுரோமடோசிஸ் என்னும் மரபணுக் கோளாறில் ஹெப்சிடின் போதிய அளவு சுரப்பதில்லை. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வோருக்கு இரும்பு குடல்வழியே வராததால், குடலில் நிற்கும் காவலுக்கு அங்கே வேலையே இல்லை. மிகையான இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து செல்களைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் (radicals) என்னும் தீவிரமாக வினைபுரியும் துகள்களை உண்டாக்குகிறது. கல்லீரல், இதயம், கணையம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் சத்தமின்றிப் பழுதடைகின்றன. ஹீமோகுரோமடோசிஸுக்கு இன்றும் முதன்மைச் சிகிச்சை, இரத்தத்தை எடுப்பதுதான்: ஒருமுறை எடுக்கும் 500 மில்லிலிட்டரோடு சுமார் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். "நச்சு நீக்கி" என்று விற்கப்படும் பானம் எதுவும் இதைச் செய்வதில்லை.

மாத்திரை தேவைப்படுவோருக்கும் இதே பொறிமுறை ஒரு செய்தி வைத்திருக்கிறது. ஒரு மாத்திரைக்குப் பின் ஏறத்தாழ 24 மணி நேரம் ஹெப்சிடின் உயர்ந்திருப்பதால், அடுத்த வேளை மாத்திரையிலிருந்து உடலில் சேரும் பங்கு குறைகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் முறையைச் சில மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்த வேண்டியதில்லை. கேள்வி கேட்ட வாசகர், தொடங்கும் முன் ஹீமோகுளோபினோடு, இரும்பு இருப்பைக் காட்டும் இரத்த ஃபெரிட்டின் அளவையும் பார்த்துவிடலாம். ஆனால் உடலில் அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் உயரும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.